இங்கிலாந்தில் சட்ட டிப்ளோமா: விண்ணப்பமும் காசும், படிப்படியாக

உங்களிடம் ஒரு பட்டம் இருக்கிறது, ஆனால் அது சட்டப் பட்டம் இல்லை. கணக்கியலோ உயிரியலோ படித்து முடித்து, நாலைந்து வருடம் வேலையும் பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் சட்டத்தரணியாக வேண்டும் என்று இப்போது நினைக்கிறீர்கள். அதற்கு உள்ள வழி போஸ்ட் கிராஜுவேட் டிப்ளோமா இன் லோ, சுருக்கமாகப் பி.ஜி.டி.எல். முன்பு இதை ஜி.டி.எல். என்றார்கள். பழைய பெயர் இன்னும் பல படிவங்களில் கிடக்கிறது. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய ஒன்பது மாதம், பகுதிநேரமாகப் படித்தால் பெரும்பாலும் இரண்டு வருடம். ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், அரசமைப்பு, நிலம், நம்பிக்கைப் பொறுப்பு, ஐரோப்பியச் சட்டம் என்று மூன்று வருடப் பட்டத்தின் அடிப்படைப் பாடங்களை இதற்குள் அடக்குகிறார்கள். கடினமான படிப்பு. ஆனாலும் பாடத்தை எப்படியோ சமாளித்துவிட்டேன். என்னைப் பல வாரம் தூங்கவிடாமல் செய்தது சேர்க்கைக் கடிதத்தில் இருந்த “டிப்ளோமா” என்ற ஒற்றைச் சொல். இரண்டாம் படியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

1. சொலிசிட்டரா, பாரிஸ்டரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சொலிசிட்டர் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி, ஆவண வேலைகளைப் பார்ப்பவர். பாரிஸ்டர் முக்கியமாக நீதிமன்றத்தில் வாதாடுபவர். “முதலில் படிப்போம், பிறகு யோசிப்போம்” என்பது விலை கூடிய யோசனை.

பாரிஸ்டர் ஆவதென்றால் சட்டப் பட்டம் இல்லாதவர்கள் இந்தப் படிப்பைக் கட்டாயம் முடிக்க வேண்டும். முதல் பட்டத்தில் பொதுவாகக் குறைந்தது இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு, அதாவது டூ-டூ, இருக்க வேண்டும். இதற்குப் பிறகு பார் கோர்ஸ் என்ற பாரிஸ்டர் தொழிற்படிப்பு, அதன் பின் ஒரு வருடம் பியூப்பிலேஜ், அதாவது அனுபவமுள்ள பாரிஸ்டரிடம் பயிற்சி.

சொலிசிட்டர் கதை வேறு. 2021 செப்டம்பரில் இருந்து எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதிப் பரீட்சை முறை நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எந்தத் துறையில் பட்டம் இருந்தாலும் நேரடியாகப் பரீட்சை எழுதலாம். பி.ஜி.டி.எல். சட்டப்படி தேவையில்லை. கல்லூரிகளின் விளம்பரத் தாள்களில் இந்த வரியைப் பெரிய எழுத்தில் நீங்கள் காணமாட்டீர்கள்.

அதற்காகச் சட்டமே படிக்காமல் பரீட்சை மண்டபத்துக்குப் போகவும் முடியாது. முதல் கட்டமான எஸ்.க்யூ.இ. ஒன்றில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 180 கேள்விகள். 2021 நவம்பரில் நடந்த முதல் பரீட்சையில் 53 சதவீதம் பேர்தான் தேறினார்கள். ஆறு வருடத்துக்குள் மூன்று தடவைதான் எழுதலாம். பெரிய சட்ட நிறுவனங்கள் பல, சட்டப் பட்டம் இல்லாதவர்களை இந்த டிப்ளோமாவை முடித்துவிட்டு வரச் சொல்கின்றன. ஆகவே அப்படிப்பட்ட நிறுவனங்களைக் குறிவைப்பவருக்கு இது தேவை. ஊரில் ஒரு சிறிய குடிவரவு அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது சட்ட உதவியாளராக, வேலை செய்துகொண்டே சொலிசிட்டர் ஆகப் போகிறவர், பத்தாயிரம் பவுண் கட்டும் முன் நன்றாக யோசியுங்கள். எஸ்.க்யூ.இ. பயிற்சி வகுப்பும் பரீட்சைக் கட்டணமுமே உங்களுக்குப் போதுமாக இருக்கலாம்.

ஸ்கொட்லாந்தில் வேலை செய்யப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிடலாம். அங்கு சட்ட முறைமையே வேறு. ஸ்கொட்டிஷ் சட்டப் பட்டமான எல்.எல்.பி. முடித்துவிட்டு டிப்ளோமா இன் புரொஃபெஷனல் லீகல் பிராக்டிஸ் என்ற வேறொரு டிப்ளோமாவைப் படிக்க வேண்டும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாறிப்போய் விண்ணப்பித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

2. கடிதத்தில் “டிப்ளோமா” என்று இருக்கிறதா, “மாஸ்டர்ஸ்” என்று இருக்கிறதா?

அரசாங்கத்தின் முதுகலைக் கடன், அதாவது ஸ்டூடன்ட் பினான்ஸ் இங்கிலண்ட் தரும் கடன், முழுமையான மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு மட்டும்தான். படிப்பின் அளவைக் காட்டும் கிரெடிட் குறைந்தது 180 இருக்க வேண்டும். முதுகலை டிப்ளோமாவுக்கு அந்தக் கடன் கிடையாது. பெயரில் “போஸ்ட் கிராஜுவேட்” என்று இருப்பதால் கடன் கிடைக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் யாரும் திருத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை மாதம், வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து கடன் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினேன். படிப்பின் பெயரைத் தட்டினால் பட்டியலில் வரவே இல்லை. எழுத்துப்பிழை என்று நினைத்து நாலு தடவை தட்டினேன். அம்மா எனக்காகச் சீட்டுக் கேட்டு எடுத்த காசு அதற்கு முன்பே கல்லூரிக்கு முற்பணமாகப் போய்விட்டது. மேசையின் மறுபக்கத்தில் அவருடைய சீட்டுக் கொப்பி கிடந்தது. இன்னும் பதினான்கு மாதம் கட்ட வேண்டும் என்று அதில் பென்சிலால் குறித்திருந்தார். அந்த இரவு நான் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.

தப்பிக்க வழி இருந்தது, உங்களுக்கும் இருக்கிறது. பல கல்லூரிகள் இதே பாடங்களை எம்.ஏ. அல்லது எல்.எல்.எம். என்ற பெயரில் மாஸ்டர்ஸ் படிப்பாகவும் நடத்துகின்றன. கூடுதலாக ஒரு ஆய்வுக் கட்டுரையோ, ஒன்றிரண்டு பாடமோ இருக்கும். அந்த வடிவத்துக்குக் கடன் கிடைக்கும். நான் மாற்றித் தரும்படி எழுதினேன். பதில் வர பதினொரு நாள் ஆனது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. “முதலில் டிப்ளோமாவை முடித்துவிடுங்கள், பிறகு ஆய்வுக் கட்டுரை எழுதி மாஸ்டர்ஸ் ஆக்கிக்கொள்ளலாம்” என்று சிலர் சொல்வார்கள். அப்படி மேலே கட்டும் படிப்பை டொப்-அப் என்பார்கள், அதற்குக் கடன் கிடையாது. மாஸ்டர்ஸாகவே தொடங்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக்கு ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: “இந்தப் படிப்பு முதுகலைக் கடனுக்குத் தகுதியுள்ளதா?” தொலைபேசியில் கேட்க வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

3. கடன் எவ்வளவு, யாருக்கு, எப்போது?

2025 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஜூலை 31 வரை தொடங்கும் படிப்புகளுக்கு உச்ச அளவு 12,858 பவுண். படிப்பு இரண்டு வருடம் என்றால் அதையே இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். பெற்றோரின் வருமானத்தையோ கணவன் மனைவியின் வருமானத்தையோ பார்ப்பதில்லை. படிப்புத் தொடங்கும்போது 60 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும்.

பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்கள் மூன்று வருடம் இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், இங்கிலாந்தில் வசிக்கவும் வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருட நிபந்தனை இல்லை. இது தெரியாமல் மூன்று வருடம் காத்திருந்தவர்கள் நம் ஆட்களில் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தற்காலிக வதிவிட அனுமதியில் இருக்கும் இளையோர், 18 வயதைத் தாண்டியவர் என்றால், தம் வாழ்நாளில் பாதியோ இருபது வருடமோ இங்கே கழித்திருந்தால் அந்தப் பிரிவில் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கனவே மாஸ்டர்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடன் இல்லை. அது சென்னையில் வாங்கிய எம்.பி.ஏ.-யாகவோ கொழும்பில் வாங்கிய எம்.எஸ்சி.-யாகவோ இருந்தாலும், சொந்தக் காசில் படித்திருந்தாலும் அதுதான் நிலைமை. மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். நாளைக்குச் சட்டத்தரணியாகப் பதியும்போது உங்கள் நேர்மையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

காசு உங்கள் கணக்குக்கு மூன்று தவணையாக வரும்: 33, 33, 34 சதவீதம். முழுத் தொகையை ஒரே வருடத்தில் எடுத்தால் 4,243, 4,243, 4,372 பவுண். நீங்கள் பதிவுசெய்துவிட்டதாகக் கல்லூரி உறுதிசெய்த பிறகுதான் முதல் தவணை வரும். கல்லூரியோ முற்பணத்தைக் கோடையிலேயே கேட்கும், முதல் கட்டணத் தவணையையும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கேட்கும். இந்த இடைவெளியை நிரப்பக் கையில் ஒரு தொகை வேண்டும். கட்டணத்தைத் தவணையாகக் கட்டும் திட்டம் இருக்கிறதா, அதன் திகதிகளைக் கடன் வரும் திகதிகளுக்குப் பின்னால் தள்ள முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பலர் தள்ளித் தருகிறார்கள்.

திருப்பிக் கட்டுவது பயப்படுமளவுக்கு இல்லை. வருட வருமானம் 21,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 6 சதவீதம். 27,000 சம்பளம் என்றால் மாதம் 30 பவுண். ஆனால் இளங்கலைக் கடனும் இருந்தால், அதற்கான வருமான வரம்பைத் தாண்டிய தொகையில் 9 சதவீதம் தனியாகப் பிடிக்கப்படும், இரண்டும் ஒன்றாக ஓடும்.

4. அந்தக் கடன் ஒரு தடவைதான். எங்கே செலவழிப்பீர்கள்?

முதுகலைக் கடன் வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும். இதை இப்போது எடுத்தால், பிறகு எல்.எல்.எம். வடிவில் வரும் பார் கோர்ஸுக்கோ எஸ்.க்யூ.இ. பயிற்சிக்கோ எடுக்க முடியாது. பார் கோர்ஸ் பொதுவாக இதைவிட விலை கூடியது. எஸ்.க்யூ.இ. பரீட்சைக் கட்டணம் மட்டும் 2021-இல் 3,980 பவுணில் தொடங்கி 2024 செப்டம்பரில் 4,790 பவுணுக்கு ஏறியது. பயிற்சி வகுப்பு அதற்கு வெளியே.

என் கணிப்பு இதுதான். வேலையில் இருப்பவர், வீட்டில் வாடகை கொடுக்காமல் பெற்றோருடன் வாழ்பவர், டிப்ளோமாவையே பகுதிநேரமாக, லண்டனுக்கு வெளியே உள்ள கட்டணம் குறைந்த பல்கலைக்கழகத்தில், சம்பளத்தில் கட்டிப் படியுங்கள். கடனை அடுத்த கட்டத்துக்கு வையுங்கள். சம்பளத்தில் மிச்சமே இல்லாதவர், பிள்ளைகளுள்ளவர், மாஸ்டர்ஸ் வடிவத்தை எடுத்துக் கடனை இப்போதே பயன்படுத்துங்கள். எஸ்.க்யூ.இ. ஒன்றுக்கான பயிற்சியையும் சேர்த்துத் தரும் மாஸ்டர்ஸ் படிப்புகள் இருக்கின்றன. சொலிசிட்டர் ஆக விரும்புபவருக்கு ஒரே கடனில் இரண்டு வேலை முடியும்.

வட்டிக்கு வெளியே வாங்குவதையும், சீட்டைத் தொடக்கத்திலேயே பெரிய கழிவுக்குக் கேட்டு எடுப்பதையும் கடைசி வழியாக வையுங்கள். கழிவில் போகும் காசு உங்கள் அம்மாவின் காசு. படிக்கும் மாதங்களிலும் சீட்டுக் கட்டியே ஆக வேண்டும்.

5. இன் புலமைப்பரிசில்: மே மாதத்தைத் தவறவிடாதீர்கள்

பாரிஸ்டர் ஆகப் போகிறவர்களுக்கு மட்டும். இன் என்பது பாரிஸ்டர்களின் தொழில் சங்கம். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு இன்களும் இந்த டிப்ளோமாவுக்கும் பார் கோர்ஸுக்கும் புலமைப்பரிசில் தருகின்றன. இது கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. நான்கில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க அந்த இன்னின் உறுப்பினராக முன்பே இருக்க வேண்டியதில்லை.

டிப்ளோமாவுக்கான விண்ணப்பம் வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் மூடும், பார் கோர்ஸுக்கானது நவம்பர் தொடக்கத்தில். படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மே என்பதைக் கவனியுங்கள். “இடம் கிடைத்த பிறகு விண்ணப்பிக்கலாம்” என்று நான் ஜூனில் தேடினேன், வாசல் மூடிக் கிடந்தது. அதோடு ஒரு வருடத்து வாய்ப்பு போனது.

படிவத்தில் உங்கள் வருமானம், சேமிப்பு, கடன் எல்லாம் கேட்பார்கள், பரிந்துரை செய்பவர்களையும் கேட்பார்கள். பட்டம் முடித்து ஐந்தாறு வருடம் ஆனவர்களுக்குப் பேராசிரியரைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. மார்ச்சிலேயே எழுதுங்கள். எந்த வகுப்பில் இருந்தீர்கள், எந்த ஆய்வு செய்தீர்கள் என்று நினைவூட்டி, உங்கள் பெறுபேற்றையும் இணைத்து அனுப்புங்கள்.

ஏன் பாரிஸ்டர் என்ற கேள்விக்கு வீட்டுக் கதையை எழுதத் தயங்க வேண்டாம். குடிவரவுத் தீர்ப்பாயத்தில் அப்பாவுக்கு மொழிபெயர்த்த பிள்ளைக்கு, வாதாடுவது என்றால் என்ன என்று மற்றவர்களைவிட அதிகம் தெரியும். ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது. மூட்டிங் என்ற மாதிரி வழக்குப் போட்டி, பாரிஸ்டரோடு சில நாள் இருந்து பார்க்கும் மினி பியூப்பிலேஜ், இலவசச் சட்ட உதவி நிலையத்தில் தொண்டு என்று நீங்களாகத் தேடிப் போன ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

6. நிறுவனமே காசு கட்டுமா?

லண்டன் சிட்டியில் உள்ள பெரிய நிறுவனங்கள் பயிற்சிக்குத் தெரிவு செய்தவர்களுக்கு இந்த டிப்ளோமாக் கட்டணம், எஸ்.க்யூ.இ. கட்டணம், வாழ்க்கைச் செலவு மூன்றையும் தருகின்றன. ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே ஆள் எடுக்கிறார்கள். விடுமுறைக்காலப் பயிற்சிக்கு இலையுதிர் காலத்தில் விண்ணப்பம் தொடங்கும். நீங்களே காசு கட்டிப் படித்து முடித்த பிறகு இடம் கிடைத்தால், அந்தக் காசை எல்லோரும் திருப்பித் தருவதில்லை. ஆகவே இதில் முயல்பவர் ஒரு வருடம் பொறுத்திருந்து விண்ணப்பிப்பது வீண் போகாது.

சொலிசிட்டர் பயிற்சியை வேலையோடு சேர்த்து இலவசமாகத் தரும் ஏழாம் நிலை அப்ரென்டிஸ்ஷிப்பை ஒருகாலத்தில் எல்லோருக்கும் பரிந்துரைத்தேன். 2026 ஜனவரியில் இருந்து இங்கிலாந்தில் அதற்கான அரசுப் பணம் பெரும்பாலும் 21 வயது வரையானவர்களுக்குத்தான்.

7. ஆவணங்களை ஒரு கோப்பில் சேருங்கள்

பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேறு, கடவுச்சீட்டு, ஈ-விசா பகிர்வுக் குறியீடு, தேசியக் காப்புறுதி எண், பரிந்துரைக் கடிதம், தன் விளக்கக் கடிதம். இவ்வளவும் கையில் இருந்தால் விண்ணப்பம் ஒரு மாலை வேலை.

வெளிநாட்டுப் பட்டம் என்றால், வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிடும் அமைப்பான யு.கே. எனிக் வழங்கும் ஒப்பீட்டுச் சான்று கேட்கப்படலாம். யாழ்ப்பாணத்தில் இருந்தோ சென்னையில் இருந்தோ பெறுபேற்றை எடுப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். அங்கே ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து, நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். இந்திய, இலங்கைச் சட்டப் பட்டம் வைத்திருப்பவர்கள் பாரிஸ்டர் ஆவதற்கு அது அப்படியே செல்லும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் இந்த டிப்ளோமாவைப் படிக்க வேண்டி வரும்.

நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் பெயர். பட்டத்தில் தலைப்பெழுத்தும் பெயரும், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் விரிந்து குடும்பப் பெயராக, வங்கியில் கணவர் பெயரோடு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஒரு சத்தியக் கூற்று தயாரித்து, சொலிசிட்டர் முன்னிலையில் கையொப்பமிடுங்கள். கையொப்பத்துக்குச் சட்டப்படியான கட்டணம் 5 பவுண், இணைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் 2 பவுண். வாசகத்தை அவரே எழுதித் தந்தால் அதற்குத் தனியாக வாங்குவார்கள். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் அதோடு இணையுங்கள். இந்த ஒரு தாள் கல்லூரி, கடன், இன், பரீட்சை, பதிவு என்று கடைசிவரை உங்களுக்கு உதவும்.

பல்கலைக்கழகத்தில் பிறர் எழுத்தைக் களவாடியதாகத் தண்டனை, நீதிமன்றக் கடன் தீர்ப்பு, பொலிஸ் எச்சரிக்கை ஏதாவது இருந்தால், படிப்பில் சேரும் முன்பே ஆலோசனை கேளுங்கள். இருக்கும் விஷயத்தைச் சொன்னால் பலருக்கு வழி கிடைக்கிறது. மறைத்தால் அதுவே பெரிய குற்றமாகிவிடும்.

8. மாணவர் விசாவில் வருபவர்களுக்கு

உங்களுக்கு அரசுக் கடன் கிடையாது. கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கான பணத்தையும் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் இருந்து லண்டனில் மாதம் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண், ஒன்பது மாதம் வரை. லண்டன் கணக்கு 13,761 பவுண் வருகிறது. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். வங்கிக் கூற்றின் கடைசி நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும்.

பணம் உங்கள் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இருக்கலாம். பெற்றோர் என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். மாமா, சித்தப்பா, கனடாவில் இருக்கும் அண்ணா ஆகியோரின் கணக்கைக் காட்ட முடியாது. அவர்கள் தரும் பணத்தை 28 நாளுக்கு முன்பே உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள்.

இதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண், இந்தியா, இலங்கையில் இருந்து வருபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை, விசாக் கட்டணம். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அந்தச் சம்பளத்தில் கட்டணம் கட்டலாம் என்று திட்டமிடாதீர்கள். படிப்பு முடிந்த பின் கிராஜுவேட் விசா கிடைக்கும் பட்டியலில், சட்டப் பட்டம் இல்லாதவர்களுக்கான இத்தகைய சட்ட மாற்றுப் படிப்பும் இருக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது இரண்டு வருடத்தில் இருந்து பதினெட்டு மாதமாகக் குறைகிறது.

9. நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

செப்டம்பரில் தொடங்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய அக்டோபரில் வேலையை ஆரம்பியுங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை நிறுவனங்களுக்கான விண்ணப்பம், பெறுபேறு எடுக்கும் வேலை. பிப்ரவரி, மார்ச்சில் கல்லூரிக்கு விண்ணப்பம், பரிந்துரைக்கு எழுதுதல். மே தொடக்கத்தில் இன் புலமைப்பரிசில். கோடையில் கடன் விண்ணப்பம் திறந்தவுடன் அனுப்புங்கள். படிப்பின் கடைசிக் கல்வியாண்டு தொடங்கி ஒன்பது மாதம் வரை விண்ணப்பிக்க முடியும் என்றாலும், பிந்தினால் பணமும் பிந்தும்.

இடத்தை இணையத்தில் ஏற்றுக்கொண்டால் பொதுவாக 14 நாளுக்குள் மனம் மாறி விலகலாம். அந்த 14 நாளையும் பயன்படுத்துங்கள். கடிதத்தைத் திறந்து பட்டத்தின் பெயர், கிரெடிட் எண்ணிக்கை, கட்டணத் தவணைத் திகதிகள், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற நான்கையும் கோடிட்டு வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு முற்பணத்தைக் கட்டுங்கள்.